ஏழு மாலையா, மூன்றா? கண்டிய மணப்பெண் கோலத்தில் எதைத் தேர்வது

இலங்கையின் கண்டி அரசவை வழியில் வந்த கண்டிய முறையில் கல்யாணம் என்று முடிவானதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் போவது சேலைக் கடைக்கு. பாதிச் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மாலைகளின் எண்ணிக்கையும் நீளமும் தெரியாமல் சட்டையின் கழுத்தை வெட்ட முடியாது. பதக்கத்தின் ஓரம் எவ்வளவு கூர் என்று பார்க்காமல் வலைத் துணியா பட்டா என்று சொல்ல முடியாது. தலைச்சாமான் எங்கே உட்காரும் என்று பார்க்காமல் கொண்டையின் உயரம் முடிவாகாது. சேலையை வாங்கிவிட்டு அதற்கேற்ற நகையைத் தேடுகிறவர்கள் கடைசி வாரத்தில் சட்டையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே இந்தக் கட்டுரையிலும் நகை முன்னால், துணி பின்னால்.

இதைப் பௌத்த மணக்கோலம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் பௌத்த மணக்கோலம் என்று மதம் வகுத்த ஒன்று கிடையாது. இலங்கையில் பின்பற்றப்படும் தேரவாத பௌத்தத்தில் திருமணம் ஒரு சமயச் சடங்கும் அல்ல. பிக்குமார் மணம் முடித்து வைப்பதில்லை. தானம் ஏற்பார்கள், 'பிரித்' என்னும் காப்புச் சூத்திரங்களை ஓதிக் கையில் நூல் கட்டுவார்கள், அவ்வளவுதான். அதனால் பௌத்த மணப்பெண்ணின் உடை என்பது அந்தந்த ஊரின் உடை. லடாக்கில் பச்சைநீலக் கற்கள் பதித்த 'பெராக்' என்னும் தலையணி, பர்மாவில் லுங்கிபோல் சுற்றும் பட்டு, இலங்கையில் கண்டி அரசவையின் கோலம். இங்கே பேசப்போவது கடைசியானதை. இதை அணியாவிட்டால் மதக் குற்றம் ஏதும் இல்லை என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால், "ஏழு மாலை போட்டே ஆக வேண்டும்" என்று சொந்தக்காரர் சொல்லும்போது நிதானமாகப் பதில் சொல்லலாம்.

இந்தக் கோலத்தைப் பார்க்கும் தமிழ்க் கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது. காரணம் இருக்கிறது. கண்டி மன்னர்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்தார்கள். 1739இல் அரசியின் சகோதரரே ஸ்ரீ விஜய ராஜசிங்கனாக அரியணை ஏறினார். 1815 வரை நான்கு நாயக்க மன்னர்கள் அங்கே ஆண்டார்கள். நம் தலைச்சாமானில் உள்ள சூரியப்பிறை, சந்திரப்பிறை அங்கேயும் உண்டு. பதக்கம் அங்கே 'பதக்கம', ஜிமிக்கி ஜிமிக்கியேதான்.

முழுச் செட்டில் என்ன இருக்கும்

நடு வகிட்டின் மேல் ஓடி நெற்றியில் இறங்கும் 'நளல்பட்ட', அதாவது நெற்றிப்பட்டம். அதன் கைகள் இரண்டு பக்கமும் முடியோரமாகப் போகும். வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன். பிடரியில் தாழப் போட்ட கொண்டை, அதில் குத்தும் கொண்டை ஊசிகள். காதில் திமிதி அல்லது ஜிமிக்கி. கழுத்தை ஒட்டி 'கரமாலய'. அதற்குக் கீழே சங்கிலிகளில் தொங்கும் பதக்கங்கள். இரண்டு அன்னங்கள் கழுத்தைப் பின்னிக்கொண்ட 'ஹங்ச புட்டுவ', இருதலைப் பறவையான 'பேருண்ட' ஆகியவை அதிகம் காணப்படும் வடிவங்கள். மணிக் கற்களைக் கோத்த 'அகஸ்தி மாலய'. எல்லாவற்றுக்கும் கீழே, தட்டையான இதழ்களைக் கோத்த நீளமான 'பெத்தி மாலய'. கையில் அகலமான 'சேரி வளலு', குண்டு குண்டாக உள்ள 'கெடி வளலு'. மேற்கையில் வங்கி, இடுப்பில் 'ஹவடிய', காலில் சலங்கை. கற்கள் பெரும்பாலும் சிவப்பு, இடையிடையே வெள்ளை.

ஏழு என்பது மரபாகச் சொல்லப்படும் எண். ஐந்தும் மூன்றும் போடுகிறவர்கள் நிறைய. ஒற்றைப்படையாக இருந்தால் போதும் என்பதே நடைமுறை. எதைத் தேர்வது என்பதை உடம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஆல்பத்தைப் பார்த்து அல்ல. கழுத்துக் குழியிலிருந்து தொப்புள் வரை அளவு நாடாவை வையுங்கள். ஏழு மாலைக்கு ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து குறைந்தது 4 சென்ரிமீற்றராவது இறங்கி நிற்க வேண்டும். பதக்கத்தின் உயரம் அதைவிடப் பெரிது என்றால் இன்னும் கூட. கரமாலயவை விட்டுவிட்டு மிச்சம் ஆறுக்கு 4 வீதம் கணக்கிட்டாலே 24 சென்ரிமீற்றர் ஆகிவிடுகிறது. உயரம் குறைந்த, மேலுடல் குட்டையான பெண்ணுக்கு இந்த இடம் இருக்காது. பதக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், கடைசி மாலை இடுப்பு மடிப்பில் போய் மாட்டும், நடக்கும்போது கலகலவென்று சத்தம் வரும். அவருக்கு ஐந்து, அல்லது இடைவெளி விட்ட மூன்று, ஏழைவிட அழகாக இருக்கும். கரமாலய, நடுவில் ஒரு பெரிய பதக்கம், கீழே பெத்தி மாலய: இந்த மூன்று இருந்தாலே கோலம் கண்டியக் கோலமாக அடையாளம் தெரியும். நீக்க வேண்டும் என்றால் இடையில் உள்ளவற்றை நீக்குங்கள். பெத்தி மாலயவை நீக்கினால் கீழ்ப்பாதி வெறிச்சென்று போகும்.

இன்னொரு மாலை வரப்போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. 'போருவ' என்னும் மணமேடையில் மாப்பிள்ளை மணப்பெண்ணின் கழுத்தில் ஒரு சங்கிலி அணிவிப்பார். ஏற்கெனவே ஏழு கொக்கிகள் குவிந்திருக்கும் பிடரியில், தாழ்ந்த கொண்டைக்கும் சட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடத்தில், எட்டாவது கொக்கியை அவர் மாட்ட வேண்டும். தலைச்சாமான் இருப்பதால் தலைவழியாகப் போடவும் முடியாது. சுபநேரத்தை எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வியர்த்துப்போய்த் தடவுவது பல வீடியோக்களில் கிடக்கிறது. அந்தச் சங்கிலிக்குப் பத்தரிடம் சொல்லிப் பெரிய கொக்கி போடச் சொல்லுங்கள். சிறிய வளையக் கொக்கி அந்த வேலைக்கு உதவாது. மற்ற ஏழுக்கும் கொக்கிக்குப் பதில் இழுத்துச் சுருக்கும் பட்டுக் கயிறு இருந்தால் பிடரியில் மேடு குறையும், உயரத்தையும் வேண்டியபடி கூட்டிக் குறைக்கலாம்.

தங்கம், வெள்ளி, பித்தளை

தங்கத்திலேயே முழுச் செட் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பித்தளையின் அடர்த்தி ஏறக்குறைய 8.5, வெள்ளியின் 925 தரம் 10.4, 22 கரட் தங்கம் 17.7 அளவில். பித்தளையில் 400 கிராம் இருக்கும் கழுத்து நகைகளை அதே தடிப்பில் தங்கத்தில் செய்தால் 830 கிராமுக்கு மேல் போகும். 8 கிராம் பவுண் கணக்கில் நூறு பவுணைத் தாண்டும். காசு ஒருபக்கம் இருக்கட்டும், முக்கால் கிலோவுக்கு மேல் கழுத்தில் சுமப்பது இன்னொரு பக்கம். அதனால் தங்கத்தில் செய்யும்போது தகட்டை மெல்லியதாக்கி, உள்ளே கூடாக விடுவார்கள். கூடான பதக்கம் ஒருமுறை தரையில் விழுந்தால் நசுங்கும். கல் பதித்த முகப்பை வைத்துக்கொண்டு அந்த நசுங்கலை எடுப்பது பெரிய வேலை. ஒரே நாள் அணியும் ஏழு மாலைக்குத் தங்கம் என்பது என் பார்வையில் தவறான இடத்தில் போட்ட பணம்.

முலாம் பூசிய வெள்ளி நடுவழி. பித்தளையைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கனம். முலாம் தேய்ந்தாலும் கீழே இருப்பது வெள்ளி என்பதால் பச்சை பிடிக்காது, கறுக்கும். மறுபடி முலாம் போடலாம். வேண்டாத நாளில் எடைக்கு விற்கலாம். கண்டிப் பக்கத்தில் நத்தரம்பொத்த கலாபுர போன்ற கைவினைக் கிராமங்களில் வெள்ளியும் பித்தளையும் கையால் அடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. கையால் அடித்ததையும் அச்சில் வார்த்ததையும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். வார்ப்பில் பின்பக்கம் ஒரே சீராக, மணல் தடவியதுபோல் இருக்கும். அடித்ததில் தட்டிய தடமும் பற்றவைத்த கோடும் தெரியும்.

பித்தளைக் கவரிங்தான் சந்தையில் அதிகம், வாடகைக்கு வருவதும் பெரும்பாலும் அதுவே. இதில் ஏமாறும் இடம் முலாத்தின் தடிப்பு. ஒரு மைக்ரோன் தடிப்பில் 100 சதுர சென்ரிமீற்றரைப் பூச 0.19 கிராம் தங்கம் வேண்டும். செட் முழுவதற்கும் 600 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்தால் ஒரு கிராமுக்குச் சற்று மேல். பளபளப்புக்காக மட்டும் பூசுவது 0.1 மைக்ரோன் அளவில்தான் இருக்கும். செட் முழுவதிலும் 0.1 கிராம் தங்கம். கடைக்காரரிடம் "தங்க முலாமா" என்று கேட்டால் இரண்டுக்கும் ஆம் என்றுதான் பதில் வரும். "எத்தனை மைக்ரோன், கீழே நிக்கல் இருக்கிறதா" என்று கேளுங்கள். நிக்கல் படை இல்லாவிட்டால் பித்தளையில் உள்ள செம்பு முலாத்தின் ஊடே மேலேறி சில மாதங்களில் நிறத்தை மங்க வைக்கும். நிக்கல் இருந்தால் அந்தத் தொல்லை குறையும், ஆனால் சிலருக்கு அது தோலில் அரிப்பு எடுக்கும். செலவு குறைந்த தோடு போட்டு முன்பு காது புண்ணானவர்கள் நிக்கல் படை உள்ள கரமாலயவை வெறும் கழுத்தில் போடக் கூடாது. உள்பக்கத்தில் மெல்லிய பட்டுத்துணி வைத்துத் தைத்துத் தரச் சொல்லலாம்.

கல்லை எப்படிப் பிடித்திருக்கிறது என்பது முலாத்தைவிட முக்கியம். மூன்று வகை உண்டு: சுற்றிலும் உலோக விளிம்பை மடக்கி அடைத்த மூடு கட்டு, நகங்களால் பிடித்த கட்டு, பசையால் ஒட்டியது. மூடு கட்டில் கல்லுக்குப் பின்னால் மின்னல் தாள் வைப்பது வழக்கம். அதனால்தான் சாதாரணக் கண்ணாடிக் கல்கூடச் சுடர்விடும். உள்ளே தண்ணீர் இறங்கினால் தாள் கறுத்து, அந்தக் கல் மட்டும் செத்துப்போனதுபோல் தெரியும். ஆகவே கண்டிய நகையைச் சவர்க்கார நீரில் முக்குவது கூடாது. உலர்ந்த மென்துணியால் துடைப்பதோடு சரி. ஒட்டு நகைக்கு வேறு பிரச்சினை. மறுமுலாம் போடும்போது சூடான கார நீரில் ஊறியதும் பசை விட்டுவிடும். ஆகவே ஒட்டு நகையை வாங்கினால் மறுமுலாம் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். நகக் கட்டு பார்வைக்கு அழகு, ஆனால் துணியின் எதிரி. கடையிலேயே ஒரு மெல்லிய துப்பட்டாவைப் பதக்கத்தின் மேல் எல்லாத் திசையிலும் இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மாட்டினால் கல்யாண நாளில் பத்திடத்தில் மாட்டும். காதோரம் பிடித்து விரலால் தட்டுங்கள். கல் ஆடினால் சத்தம் கொடுக்கும்.

வாடகைக்கா, சொந்தமாகவா

மணப்பெண்ணை அலங்கரிப்பவர்கள் பலர் நகையையும் சேர்த்தே கட்டணம் பேசுகிறார்கள். என் முடிவு: தலைச்சாமான், வளையல், இடுப்பு நகை, மாலைகளில் ஐந்தோ ஆறோ வாடகைக்கு எடுங்கள். ஒரே ஒரு பதக்கத்தை மட்டும் வெள்ளியில், மூடு கட்டில், உங்களுக்கென்று செய்துகொள்ளுங்கள். பிற்காலத்தில் தனியாக ஒரு பட்டுச் சேலைக்கு அணியக்கூடியது அதுதான். நெற்றிப்பட்டத்தை வாங்கி வைத்து மறுபடி அணிந்தவர் மிகக் குறைவு.

வாடகையில் ஏமாற்றம் வருவது மூன்று இடங்களில். முதலாவது, படத்தில் காட்டிய செட்டும் அன்று வருகிற செட்டும் வேறாக இருப்பது. பதிவு செய்யும்போதே அந்தச் செட்டைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுங்கள். ஏற்கெனவே விழுந்த கல்லுக்கு நீங்கள் காசு கட்டாமல் தப்பவும் அதே படம் உதவும். இரண்டாவது, ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்கு ஒரே செட். சுபநேரம் காலையில் என்றால் நகை முந்தின இரவே உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மூன்றாவது, வளையல் அளவு. 2.4 என்று சொல்வது இரண்டே கால் அங்குலம், உள்விட்டம் 57 மில்லிமீற்றர், 2.6 என்பது 60, 2.2 என்பது 54. தசமமாக எண்ணி 2.4 அங்குலம் என்று நினைத்தால் 61 மில்லிமீற்றர் வளையலை எதிர்பார்ப்பீர்கள், அது வராது. சேரி வளலு வளையாத தடித்த பட்டை. அதில் கீலும் திருகும் வைத்ததாக இருந்தால் கை வீங்கிய நாளிலும் ஏறும். முழு வட்டமாக இருந்தால் உங்கள் அளவைவிட ஒன்று பெரிதாக எடுங்கள். பிரித் நூல் கட்டிய கையில் வளையல் ஏறும்போது நூல் சுருண்டு அறுந்துவிடக் கூடும். நூலை முழங்கைப் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு வளையலை ஏற்றுங்கள்.

ஒசரியவா, இந்திய முறையா, வெள்ளைக் கவுணா

கண்டியன் சாறி என்று நாம் சொல்லும் 'ஒசரிய'வில் இரண்டு அடையாளங்கள். இடத் தோளில் ஏறும் துண்டு மூன்று, நான்கு அங்குல அகலத்துக்கு இறுக்கமாக மடித்துக் குத்தப்பட்டிருக்கும். இடுப்பில் 'நெரிய' என்னும் கொய்த மடிப்பு விசிறிபோல் விழும். சட்டை இடுப்பை மறைக்கும் அளவுக்கு நீளம், தோளில் சற்று உப்பல். தோள் துண்டு ஏன் இத்தனை ஒடுங்கியது என்பது மாலைகளைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்: மார்பு முழுவதும் திறந்து கிடந்தால்தான் ஏழு மாலையும் நேராக விழும்.

நாம் உடுத்துகிற முறையில் முந்தானை மார்பைக் குறுக்காக மறைக்கும். அதன்மேல் ஏழு மாலை போட்டால் இடப்பக்கத்துப் பதக்கங்கள் முந்தானை மடிப்பின் மேடு ஏறிச் சாயும், வலப்பக்கத்தவை பள்ளத்தில் விழும். படத்தில் எல்லாமே கோணலாகத் தெரியும். இந்திய முறை என்று முடிவு செய்தால் நகையைக் குறைத்தே ஆக வேண்டும்: நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, ஒரு கழுத்தணி, ஒரு நீள மாலை. அது குறை அல்ல, வேறொரு கோலம். உடுத்துவது சுலபம், சேலையை வெட்டத் தேவையில்லை, பிறகும் கட்டலாம். செலவில் இதுவே மிகக் குறைவு. கவுண் காலனி ஆட்சியோடு கரையோரத்தில் வந்தது. பௌத்தக் குடும்பங்களிலும் அதை அணிந்தவர்கள் உண்டு. போருவவில் ஏறி இறங்கவும், குனிந்து பெற்றோரைக் கும்பிடவும் நீண்ட வால் கொண்ட கவுண் ஒத்துழைக்காது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒசரியவுக்குத் துணி எது? மணி பதித்த வலைத் துணி, ஜோர்ஜெட், காஞ்சிபுரப் பட்டு ஆகிய மூன்றுக்கும் இடையில்தான் போட்டி. வலை படத்துக்கு அழகு. ஆனால் மணிவேலை கூடினால் சேலையே சில கிலோ வரும். நகையின் ஓரங்கள் மாட்டும். மணிகள் மாலைகளோடு உரசி உதிரும். வலையும் ஜோர்ஜெட்டும் இன்று பெரும்பாலும் செயற்கை இழை. போருவவிலிருந்து இறங்கியதும் உயரமான குத்துவிளக்கின் திரிகளைக் குனிந்து ஏற்ற வேண்டும். செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பட்டு மெல்லக் கருகும், தீயை விலக்கினால் பெரும்பாலும் அணைந்துவிடும். தோள் துண்டு தொங்கும் இடப்பக்கம் விளக்கின் எதிர்த்திசையில் இருக்கும்படி நில்லுங்கள் என்று ஒத்திகையிலேயே சொல்லி வைக்க வேண்டும். எந்தத் துணிக்கும் இது பொருந்தும், வலைக்கு இரட்டிப்பாக.

ஜோர்ஜெட் இலேசானது, உடலோடு படியும். ஆனால் நெரிய துவண்டு விழும்; உள்ளே விறைப்புத் துணி வைத்துத் தைக்க வேண்டும். பட்டில் நெரிய தானாகவே நிற்கும், நகையின் கனத்தையும் தாங்கும். என் வாக்கு பட்டுக்கு. ஆனால் பட்டுச் சேலையில் ஒரு கணக்கு இடிக்கும், அதைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

சேலை 5.5 மீற்றர், சட்டைத் துண்டு 0.8 மீற்றர். முழங்கை வரை கையும் நீண்ட உடலும் கொண்ட சட்டைக்கே அந்தத் துண்டு மட்டுமட்டு. நெரியவுக்கு இடுப்புச் சுற்றின் இரண்டு மடங்கு நீளமாவது வேண்டும்: 96 சென்ரிமீற்றர் சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீற்றர், ஆழம் 20 முதல் 25 சென்ரிமீற்றர். அதைச் சேலையிலிருந்தே எடுக்கும் வழி இது: உடுத்தும்போது உள்ளே மறைந்துபோகும் முதல் சுற்றில் ஒரு மீற்றரை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் அதே நிறப் பருத்தித் துணியை ஒட்டுத் தையல் போடுவது. வெட்டிய ஒரு மீற்றரின் மேல் கரையையும் கீழ்க் கரையையும் தனித்தனிப் பட்டையாகக் கிழித்தால் ஒவ்வொன்றும் ஒரு மீற்றர், இரண்டும் சேர்த்து இரண்டு மீற்றர், கரையோடு. இணைப்பை இடுப்பின் பக்கவாட்டில் மறைக்கலாம். இது நடக்க வேண்டுமானால் இரு கரையும் ஒரே அகலத்தில், ஒரே வேலைப்பாட்டில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் பெரிய கரை, மறுபக்கம் சிறிய கரை உள்ள சேலையை எடுத்துவிட்டு, தையல்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. தனியாகத் தைத்து நாடாவால் கட்டும் நெரியவே நல்லது. சேலையின் உள்முனையையே கொய்து வெளியே மடித்து விடுகிற பழைய முறையில் இடுப்பில் நாலைந்து அடுக்குச் சேரும், பட்டில் அது பொம்மென்று நிற்கும்.

நிறம் பற்றி. கண்டிய மணப்பெண்ணுக்கு வெள்ளை, பால்நிறம், வெளிர்பொன் ஆகியவை இயல்பானவை. தமிழ்-சிங்களக் கலப்புத் திருமணங்களில் முதல் முறுகல் இங்கேதான் வரும், பெண் வீட்டார் "வெள்ளையிலா?" என்று முகம் சுளிப்பார்கள். இதற்கு இரண்டு வழி. பொன் சரிகை நிறைந்த பால்நிறப் பட்டில் சிவப்புக் கரை வைத்தால், நகையில் உள்ள சிவப்புக் கல்லோடும் சேரும். அல்லது முதல் நாளை ஒசரியவுக்கு விட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைக்கும் 'ஹோம்கமிங்' நாளுக்குக் கூறையை வைத்துக்கொள்ளுங்கள். அன்று மணப்பெண் சிவப்பு உடுத்துவது சிங்களக் குடும்பங்களிலும் பழக்கமானது, ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தாலிக்கொடியும் அணிவதாக இருந்தால் ஏழு மாலைக்குள் அது புதைந்துபோகும். தாலி தெரிய வேண்டும் என்றால் மூன்று மாலையோடு நிறுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

மாப்பிள்ளைக்கு

கண்டிப் பிரதானிகள் அணிந்த 'முல் அந்தும', பேச்சில் 'நிலமே உடுப்பு': குட்டைச் சட்டை, தோளை மூடும் 'மந்தே', இடுப்பில் சுற்றிச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் 'துப்பொட்டிய', மூலைகள் விரிந்த தொப்பி, மிரிவடிச் செருப்பு. மணப்பெண் ஏழு மாலையோடு நிற்கும்போது பக்கத்தில் இதற்கு இணை வேறில்லை. ஆனால் வெல்வெற் சட்டை வெக்கையில் வதைக்கும், உதவியாள் இல்லாமல் உடுத்தவோ அவிழ்க்கவோ முடியாது, கட்டிய பிறகு சிறுநீர் கழிப்பது ஒரு திட்டமிட்ட நடவடிக்கை. குளிரூட்டிய மண்டபம் இல்லாவிட்டால், மணப்பெண் மூன்று மாலையோடு நிற்கிறார் என்றால், வெள்ளைச் சாரமும் நீண்ட மேற்சட்டையும் கொண்ட தேசிய உடை போதும். கோட்-சூட்டும் பரவலாக நடக்கிறது. பெண் கவுணிலும் மாப்பிள்ளை நிலமே உடுப்பிலும் நிற்பதுதான் ஒட்டாது.

ஒத்திகையில் பார்க்க வேண்டியவை

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பாவது எல்லாவற்றையும் ஒருமுறை அணிந்து, நின்று பார்ப்பதோடு விடாமல் சடங்கில் செய்வதை எல்லாம் செய்து பாருங்கள். இரண்டு கையாலும் வெற்றிலை நீட்டி, குனிந்து பெற்றோரைக் கும்பிடுங்கள். நெற்றிப்பட்டம் கண்ணுக்கு முன்னால் ஊசலாடினால் அதன் பக்கக் கைகளைக் காதுக்குப் பின்னால் கறுப்பு நூலால் கட்டி, கொண்டையின் அடியில் முடிய வேண்டும். ஊசி மட்டும் போதாது, எண்ணெய் பூசிய நேர்முடியில் அது வழுகும். முந்தின நாளே தலை குளித்துவிட்டு, அன்று எண்ணெய் வைக்காமல் இருப்பது நல்லது. மாலைகள் முன்னுக்குத் தொங்கி வெற்றிலைமேல் விழுந்தால், பெத்தி மாலயவையும் நடுப் பதக்கத்தையும் பின்னால் சிறு ஊக்கால் சட்டையோடு பிடிக்கலாம். ஊக்கு துணியை மட்டும் அல்ல, உள் அஸ்தரையும் சேர்த்துக் குத்த வேண்டும். மேலே உள்ள பட்டுத் துணியை மட்டும் குத்தினால் கனத்தில் கிழியும்.

போருவவில் வலது காலை வைத்து ஏறிப் பாருங்கள். சேலையின் கீழோரம் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் இல்லாவிட்டால் சலங்கை அதில் மாட்டி இழுக்கும். திமிதி கனமானது என்றால் காதுத் துளையிலிருந்து முடிக்குப் போகும் மாட்டல் வேண்டும். அரை மணியில் காது சிவந்தால் அன்று ஐந்து மணி நேரம் தாங்காது. கொண்டைக்குச் சவுரி வைக்கிறவர்கள், சொந்த முடியை முதலில் இறுக்கிப் பின்னி அதன்மேல் சவுரியைத் தைத்துக்கொண்டால் கொண்டை ஊசிகளின் கனத்தில் அது சரியாது.

சிறுவிரல்களை நூலால் கட்டிக் 'கெண்டிய'வில் இருந்து நீர் வார்க்கும்போது வளையல் நனையும், பட்டில் துளி விழுந்தால் வட்டமாகத் தடம் நிற்கும். தாம்பாளத்தை மணிக்கட்டுக்கு நேர் கீழே பிடிக்க ஒருவரை நியமியுங்கள். இறங்கும்போது தேங்காய் உடைப்பார்கள். உடைப்பவர் மணப்பெண்ணின் பக்கம் நிற்காமல் ஒரு கெஜம் தள்ளி நிற்கட்டும். தேங்காய்த் தண்ணீர் பட்ட பட்டு அப்போது தெரியாது, அடுத்த மாதம் அலமாரியைத் திறக்கும்போது பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். தெறித்த இடத்தை அன்றே ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

வாசனைத் திரவியமும் முடிக்கு அடிக்கும் ஸ்பிறேயும் நகை ஏறும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இரண்டும் முலாத்தை மங்க வைக்கும், மின்னல் தாளுக்குள்ளும் இறங்கும். கழற்றும்போது அடியில் இருந்து மேலே: முதலில் பெத்தி மாலய, கடைசியில் கரமாலய, அதற்கும் பிறகு நெற்றிப்பட்டம். களைத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே கொத்தாகக் கழற்றினால் ஏழு சங்கிலியும் பின்னிக்கொள்ளும், பிரிக்கும்போதுதான் கற்கள் விழும். ஒவ்வொன்றையும் வியர்வை துடைத்து, தனித்தனி மல்துணியில் சுற்றி, எண்ணி, எடுத்து வைத்திருந்த படங்களோடு ஒப்பிட்டு, வாடகைக்காரரின் முன்னிலையில் பெட்டியை மூடுங்கள்.